பின்சக்கரத்துப் பிஸ்டன்

எங்கள் தெருவைத் தெரு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஏணி என்றால் பொருத்தமாக இருக்கும். ஜோர்டானில் எங்கள் ஸல்த் ஊரே மலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்குகிற ஊர். அதில் எங்கள் சரிவு கொஞ்சம் அதிகமாகவே தொங்கும். என் வாசலும் கீழ்வீட்டு ஹிக்மத்தின் மொட்டைமாடியும் ஒரே மட்டம். என் கையிலிருந்து தக்காளி தவறி விழுந்தால், அடிவாரத்தில் இருக்கும் அபூ ஈசா மளிகைக் கடை வாசலில் போய்த்தான் பொறுக்க வேண்டும். அவர் நல்ல மனிதர், ஆனால் அதற்குள் அதையும் தன் கூடையில் சேர்த்திருப்பார்.

ஹிக்மத் ஆலிவ் ஆலையில் செக்கு ஓட்டுகிறவர். மழைக்காலம் தொடங்கி மூன்று மாதம் அவருக்குத் தலை சொறிய நேரம் இருக்காது. மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்துக்குக் கதவு போடுவது, யார் வீட்டுக்காவது மதில் கட்டுவது என்று கிடைத்ததைச் செய்வார். செக்கில் வாழ்ந்ததால் அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை உண்டு: எதுவானாலும் போதுமான அளவு அழுத்தினால் வழிக்கு வந்துவிடும். மூடி திறக்காத ஊறுகாய் ஜாடியிலிருந்து கல்யாணத்துக்குச் சம்மதிக்காத மகன் மாஹிர் வரைக்கும் அவர் இந்த முறையைத்தான் பயன்படுத்திப் பார்த்தார். ஜாடி உடைந்தது. மாஹிர் ஓமானுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அவர் மனைவி விதாத் என் தோழி. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. சனி, திங்கள், புதன் காலையில் ஹிக்மத் அவளை அம்மானுக்கு அழைத்துப் போவார். அங்கே நாலு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு மதியத்துக்கு மேல் திரும்புவாள். போவது அவர்களுடைய பழைய வெள்ளை வண்டியில்.

அந்தப் புதன்கிழமை திரும்பி வரும்போது வலது பின்சக்கரம் கத்த ஆரம்பித்தது. தகரத்தைக் கல்லில் இழுக்கிற சத்தம். தெருவில் ஏறும்போது கருகல் வாசனையும் சேர்ந்துகொண்டது. பிரேக் கட்டை தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை வேலை முடிந்து ஹிக்மத் உதிரிபாகக் கடைக்குப் போனபோது பட்டறைகளை மூடியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒருவரும் திறக்க மாட்டார்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். விதாத் ஏழு மணிக்கு அம்மானில் இருக்க வேண்டும். கடைக்கார அபூ நிதால் புதுக் கட்டைகளைக் கொடுத்துவிட்டு, “பின்பக்கம் வேற மாதிரி, பாத்துக்கோ. வெறுமனே அழுத்தினா போகாது, சுத்தணும்,” என்று சொல்லியிருக்கிறார். ஹிக்மத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஆண்கள் கடையில் ஆட்டுகிற தலை அது. காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் உப்பில்லாத ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பாதாம் பூக்க ஆரம்பித்திருந்த நேரம். வெயில் இருந்தது, சூடு இல்லை. ஹிக்மத் முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கழற்றிய சக்கரத்தையும் பாதுகாப்புக்காக அடியில் தள்ளியிருந்தார்.

“காலை நல்லா இருக்கட்டும், அபூ மாஹிர். டாக்டர் ஆயிட்டீங்களா?” என்றேன். மாஹிரின் அப்பா என்பதால் ஊருக்கு அவர் அபூ மாஹிர்; கைஸின் அம்மா நான், உம்மு கைஸ்.

“சின்ன வேலைதான் உம்மு கைஸ். பழசைக் கழட்டணும், புதுசைப் போடணும். காபி கொதிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

உள்ளே விதாத் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தெருவைப் பார்க்கிற ஜன்னல். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் துணி சுற்றி வைத்திருந்தாள். நான் முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும் பிரித்து ரொட்டியில் வைத்துக் கொடுத்தேன். அவளுக்குத் தண்ணீர்கூட அளந்துதான். காபி ஒரு மடக்கு. அந்த ஒரு மடக்கை அவள் அரைமணி நேரம் குடிப்பாள்.

“ஒருவேளை வண்டி சரியாகலன்னா என் தம்பிய வரச் சொல்றேன். காலையில அஞ்சரைக்கு வாசல்ல நிப்பான்,” என்றேன்.

“வேணாம்.”

“என்ன வேணாம்? அவன் என்ன காசா கேக்கப் போறான்?”

“அதுக்கில்லடி.” அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். “போன மாசம் இவருக்குக் காய்ச்சல்னு டாக்சியில வந்தேன் பாரு. திரும்பி வரும்போது எனக்கு எப்பவும் வயித்தைப் புரட்டும். பையைப் பிடிக்கிறதுக்குள்ள சீட்டுலயே வாந்தி எடுத்துட்டேன். அந்த டாக்சிக்காரப் பிள்ளை ஒரு வார்த்தை பேசல. பெட்ரோல் பங்குல நிறுத்தி, குழாயைப் பிடிச்சு சீட்டைக் கழுவினான். வரிசையில நிக்கிற வண்டியெல்லாம் பாக்குது. நான் ஓரமா நின்னுக்கிட்டு இருக்கேன். அவன் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.”

“அதுக்காக?”

“அதுக்காக இனிமே ஊரான் வண்டியில ஏற மாட்டேன். நம்ம வண்டின்னா போறேன். இல்லன்னா இல்ல.”

இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். கடையில் எது வேண்டும் எது வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள். புதன்கிழமைக்குப் பிறகு நேரே திங்கள் என்றால், நடுவில் அந்த உடம்பு என்ன ஆகும் என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அப்பாவும் இதே நோயில்தான் போனார்.

வெளியே ஹிக்மத் காலிப்பரைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தார். சக்கரத்தோடு சுற்றுகிற வட்டைக் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கை அது. அதன் நடுவே பிஸ்டன் இருந்தது. டீ கிளாஸின் அடிப்பாகம் அளவு, முகத்தில் கூட்டல் குறி மாதிரி ஒரு பள்ளம். பழைய கட்டை தேயத் தேய அது வெளியே வந்துகொண்டே இருந்திருக்கிறது. புதுக் கட்டை தடிமன். பிஸ்டன் உள்ளே போனால்தான் கட்டைக்கு இடம் கிடைக்கும். ஹிக்மத் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார். அசையவில்லை. மேல்தெருத் தச்சரிடம் திருகி இறுக்குகிற கிளாம்ப் இருக்கிறது என்று போனார்.

அவர் தலை மறைந்ததும் அபூ ஈசா சுமையோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். தூக்கி நிற்கிற வண்டியைப் பார்த்தார். கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தார். பிறகு திறந்திருந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டுக் கைபிரேக்கை ஒரு இழுப்பு இழுத்தார்.

எங்கள் சரிவில் இது ஸலாம் சொல்வது மாதிரி. நிற்கிற வண்டி யாருடையதாக இருந்தாலும், கை எட்டினால் கைபிரேக்கை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். இழுக்காமல் போகிறவன் வெளியூர்க்காரன், அல்லது நம்மேல் கோபமாக இருக்கிறான்.

விதாத் ஜன்னலிலிருந்து, “உங்க கை நல்லா இருக்கட்டும், அபூ ஈசா,” என்றாள்.

“உன் உடம்பு நல்லா இருக்கட்டும் மகளே. உருளுற தெரு இது. இவன் பாட்டுக்கு விட்டுட்டுப் போயிட்டான்.”

ஹிக்மத் கிளாம்போடு வந்தார். நேரே பின்சக்கரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கிளாம்பை மாட்டித் திருகினார். கழுத்து நரம்பு புடைத்தது. பிஸ்டன் அசையவில்லை. ஒரு எண்ணெயை அடித்துவிட்டு, “ஊறட்டும்,” என்று தொழுகைக்குப் போனார். அவர் போன பிறகு பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்த வந்தாள், இழுத்தாள். தொழுகை முடிந்து முதலில் திரும்பிய இரண்டு பேர் ஆளுக்கொரு தடவை இழுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கடகடவென்று ஒரு பல் கூடுதலாக ஏறியது. விதாத் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வாழ்த்தினாள். நானும் சேர்ந்து வாழ்த்தினேன். சொல்லப்போனால் எங்கள் இருவருக்கும் மனசு நிறைந்து இருந்தது. தெருவே அந்த வண்டிக்குக் காவல் இருக்கிறதே என்று.

ஹிக்மத் திரும்பி வந்து குனிந்தார்.

“உம்மு கைஸ், இங்க யாராவது வந்தாங்களா?”

“தெருவுல யாரு வர மாட்டாங்க?”

“இல்ல. நான் விட்டுட்டுப் போனப்ப இருந்ததைவிட இப்ப வெளிய நிக்குது இது.” பிஸ்டனை முறைத்தார். “தள்ளினா உள்ள போகல. தள்ளாம இருந்தா வெளிய வருது. ஆலையில இப்படி ஒரு செக்கு இருந்திருந்தா எங்க முதலாளி அதுக்கு மந்திரிச்சிருப்பாரு.”

அப்போதுதான் அபூ நிதால் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இடுக்கியின் மூக்கைப் பள்ளத்தில் வைத்துச் சுற்றினார். கொஞ்சம் திரும்பியது, அப்புறம் பாறையாக நின்றுவிட்டது. “சுத்தணுமாம்,” என்று முணுமுணுத்தார். “சுத்தியாச்சே. இப்ப என்ன?” மறுபடியும் கிளாம்பை எடுத்தார். இந்தத் தடவை உள்ளே போய் ஒரு நீளக் குழாயும் எடுத்து வந்து கிளாம்பின் கைப்பிடியில் செருகினார். குழாய் நீளமானால் பலம் கூடும். அந்தப் பலத்துக்கு எது முதலில் உடையும் என்று யாருக்கும் தெரியாது.

விதாத் முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

“அபூ மாஹிர், விடுங்க.”

“இதோ ஆச்சு.”

“உடைஞ்சா நாளைக்கு மட்டுமா? வண்டி ஒரு வாரம் நிக்கும். விடுங்க. ஒரு சனிக்கிழமைதானே, நான் போகல. தண்ணி குடிக்காம இருந்துக்கிறேன். திங்கக்கிழமை பாத்துக்கலாம்.”

அவர் குழாயைப் பிடித்தபடியே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. கையிலிருந்த கிரீஸைக் காற்சட்டையில் துடைத்தார். துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு குழாயைத் தரையில் வைத்துவிட்டு, போனை எடுத்து வண்டியின் மேல் வைத்து, சத்தமாகக் கேட்கிற மாதிரி போட்டார். யாரிடமும் உதவி கேட்காத மனிதர். வெள்ளிக்கிழமை மதியம் அடுத்தவர் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்.

போனில் முதலில் குழந்தைகளின் கூச்சல், பிறகு அபூ நிதால். மலைக்காட்டில் குடும்பத்தோடு கறி சுட்டுக்கொண்டிருந்தார்.

“மன்னிக்கணும் அபூ நிதால், வெள்ளிக்கிழமையும் அதுவுமா...”

“சொல்லு, சொல்லு. அதைத் திருப்புடா, கருகுது. உன்னை இல்ல. நீ சொல்லு.”

“பிஸ்டன் உள்ள போகல.”

“சுத்தினியா?”

“சுத்தினேன்.”

“அழுத்தினியா?”

“கொஞ்சம்.”

“எதை வச்சு?”

“கிளாம்பு.”

“தச்சன் கிளாம்பா? நீ என்ன எண்ணெயா எடுக்குற? உள்ள ஒரு திருகு இருக்கு மனுஷா, கைபிரேக்குக்காக. அது அழுத்தினா கேக்காது. கைய வச்சு லேசா அமுக்கிக்கிட்டே வலப்பக்கமா சுத்தணும். ஒண்ணும் உடைக்கலியே?”

“இல்ல.”

“ஆண்டவனுக்கு நன்றி. பிரேக் எண்ணெய் மூடியத் திறந்தியா?”

“திறந்தாச்சு.”

“கைபிரேக் இறக்கியிருக்கா?”

“காலையிலேயே இறக்கிட்டேன். இறக்காம அதைக் கழட்டவே முடியாதே. என்னை என்ன பச்சைப் பிள்ளைன்னு நினைச்சியா?”

விதாத் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“ஏங்க,” என்றாள் மெதுவாக, “அது இறங்கியா இருக்கணும்?”

“பின்ன? அது ஏறியிருந்தா பிஸ்டனை வெளியில தள்ளுமே.”

“காலையிலிருந்து அதை நாலு பேர் இழுத்துட்டுப் போனாங்க. நான்தான் ஒவ்வொருத்தருக்கும் வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன்.”

ஹிக்மத் முன்கதவுக்கு நடந்து போய் உள்ளே பார்த்தார். கைபிரேக் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அபூ ஈசா கடையிலிருந்து ஏறி வந்தார்.

“என்ன, இன்னும் முடியலியா? நான் அப்பவே நல்லா இழுத்து வச்சேனே, தைரியமா வேலை பாரு.”

“நீங்கதானா?”

“நானேதான். நன்றியெல்லாம் வேணாம்.”

விதாத் சிரித்தாள். ஒன்றரை வருடமாக நான் கேட்காத சிரிப்பு. முதலில் மூச்சு இழுக்கிற மாதிரி வந்தது, அப்புறம் நிற்கவே இல்லை. கட்டிலில் சாய்ந்து, வீங்கின காலை நீட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஹிக்மத் கோபப்படுவதற்காகத்தான் அபூ ஈசா பக்கம் திரும்பினார். ஜன்னலிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு போய் அபூ ஈசாவின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அபூ ஈசா, “கிரீஸு, கிரீஸு,” என்று விலகினார்.

“அங்க என்ன நடக்குது? யாரு செத்தா?” என்று போன் கேட்டது.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு குடும்பமே சிரித்தது. “நான் போனை வைக்கல. நீ சுத்து, நான் கேக்கணும்,” என்றார் அபூ நிதால்.

கைபிரேக் இறங்கியது. அபூ ஈசா தன் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரவழைத்து, ஓட்டுநர் கதவை மறித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போகிற வருகிறவர்களையெல்லாம், “கை வைக்காத. இது வைத்தியம் நடக்குற இடம்,” என்று விரட்டினார். ஹிக்மத் உள்ளங்கையால் அமுக்கி, இடுக்கியால் சுற்றினார். திரும்பியது. இன்னும் சுற்றினார். பிசுபிசுவென்று, மெதுவாக, பிஸ்டன் உள்ளே இறங்கியது. அத்தனை பலத்துக்கு மசியாதது, ஊசியில் நூல் கோப்பவரைப் போல அவர் பொறுமையாகச் சுற்றியபோது போய்விட்டது. கட்டையின் பின்னால் இருக்கிற முளை உட்காருவதற்கு ஏற்றமாதிரி பள்ளத்தை நேராக நிறுத்தினார். புதுக் கட்டைகள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கின. ஜோடியாக மாற்ற வேண்டிய இடதுபக்கமும் அரைமணியில் முடிந்தது.

“உடனே ஓட்டிடாத,” என்றார் போனில் அபூ நிதால், வாயில் கறியோடு. “பெடலை முதல்ல மிதி, கெட்டியாகுற வரைக்கும் மிதி. இல்லன்னா நேரா மளிகைக் கடைக்குள்ளதான் போய் நிப்ப.”

அபூ ஈசா நாற்காலியிலிருந்து எழுந்தார். “மிதி,” என்றார். “நல்லா மிதி.”

சாயங்காலம் ஹிக்மத் கீழே போய் மேலே வந்து, மூன்று தடவை பிரேக் பிடித்துப் பார்த்தார். சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. நான் பருப்புச் சோறு கொண்டுபோய் வைத்தேன். அவர் கழுவாத கையோடு சாப்பிட உட்கார்ந்து திட்டு வாங்கினார். நான் கிளம்பும்போது விதாத் என் முக்காட்டின் நுனியைப் பிடித்தாள்.

“நாளைக்கு நீயும் வர்றியா?”

“நானா? யாரும் கூட வரக் கூடாதுன்னுதானே சொல்லுவ?”

“சொல்லுவேன்தான். இன்னிக்குச் சிரிச்சேன்ல, அதுல என்னமோ லேசாயிடுச்சு. வா.”

போகும்போது அவள் நன்றாகத்தான் இருந்தாள். அம்மானில் நாலு மணி நேரம் நான் வெளியே பின்னலோடு உட்கார்ந்திருந்தேன். ஹிக்மத் வண்டிக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். வெளியே வந்தபோது அவள் கால் வடிந்திருந்தது, செருப்பு போட்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முகம் மட்டும் மெழுகாக இருந்தது. ஸுவைலிஹ் ஊரைத் தாண்டி மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், அவள் ஒன்றும் சொல்லாமலே ஹிக்மத் வண்டியை ஓரம் கட்டினார். பிரேக் பூப்போலப் பிடித்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு பைன் மரங்களுக்குப் பின்னால் போனாள். அவள் இறங்கியதும் ஹிக்மத் ரேடியோவை முழுச் சத்தத்தில் திருப்பினார். யாரோ ஒருத்தி காது கிழியப் பாடினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எதுக்கு இவ்வளவு சத்தம்?” என்று கத்திக் கேட்டேன்.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவ வாந்தி எடுக்குறது எனக்குக் கேக்குதுன்னு அவளுக்குத் தோணக் கூடாது உம்மு கைஸ். கூச்சப்படுவா.”

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை. முடிந்ததும் வாயைக் கொப்பளித்து, மரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். மரங்களுக்கு நடுவிலும் அந்தப் பாட்டு எங்களை விடவில்லை.

“அவரை அதை அணைக்கச் சொல்லேன்,” என்றாள்.

“நீ கூச்சப்படுவியாம்.”

“தெரியும்.” கண்ணை மூடிக்கொண்டாள். “இந்த நேரத்துல அந்தச் சத்தத்துக்கு எனக்கு மண்டை பிளக்கும்டி. முதல் நாள்லேர்ந்தே பிளக்குது. ஆசையா வைக்கிறாரு மனுஷன், எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

நான் திரும்பிப் போய் ஜன்னலில் குனிந்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஹிக்மத் ரேடியோவை அணைத்தார், இறங்கி, மரங்களுக்குள் அவளிடம் நடந்து போனார்.